விரல் வாசம்

செப்டம்பர் 19, வியாழன்

பேப்பர்காரர் ஆறரைக்கு வாசலில் எறிந்துவிட்டுப் போன தினசரியை இன்று பியூலாதான் முதலில் எடுத்தாள். வழக்கமாகக் காபி வந்த பிறகுதான் பேச்சு வரும். இன்று பேச்சு முதலில் வந்தது.

"உங்க ஊதாங்குழலுக்குத் தடை போட்டுட்டாங்களாம்லா. வித்தா ஜெயிலு. வீட்டுல சேத்து வச்சாலும் ஜெயிலு. வாசிக்கட்டா?"

வாசித்தாள். மனைவி வாசிக்கக் கேட்டால் எந்தச் செய்தியும் தீர்ப்பு மாதிரிதான் இருக்கிறது.

போன வருஷம் மாநிலத்திலும் இதற்குத் தடை என்றார்கள். கடைக்காரர்கள் கண்ணாடி அலமாரியிலிருந்து மேசைக்கு அடியில் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். இது டெல்லியிலிருந்து வருகிறது. வேறு மாதிரி இருக்கும்.

ஊதாங்குழல் என்று அவள் சொல்வது என் மின் சிகரெட்டை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகும் நான் சிகரெட்டை விடவில்லை. விட முடியவில்லை. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற பெர்க்மான்ஸ்தான் இதைக் கையில் கொடுத்து, "வாத்தியாரே, மொதல்ல தீயை விடும். மத்ததைப் பொறகு பாப்போம்" என்றார். தீயை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

வகுப்பில் சொல்வேன்: தண்ணீரில் அமிலத்தை ஊற்று, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே. இரண்டு பொருளும் அதேதான், செய்யும் விதம்தான் வேறு. சிகரெட்டிலும் நிகோட்டின், இதிலும் நிகோட்டின். ஆனால் இதில் புகையிலை எரிவதில்லை, தார் இல்லை, விரலில் அந்த வாசம் இல்லை. நல்லது என்று நான் சொல்லவில்லை. படியில் ஒரு படி கீழே என்றுதான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஜெனிட்டா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். ஐந்தாம் மாதம். "அப்பா, நியூஸ் பாத்தேன். திரும்ப சிகரெட்டுக்குப் போயிராதீங்க. அந்தக் கையால என் பிள்ளையைத் தூக்க விடமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் உறுதியானது. சின்ன வயதில் நான் கன்னத்தைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செப்டம்பர் 23, திங்கள்

இசக்கிராஜின் மொபைல் கடைக்குப் போனேன். இத்தனை நாள் எனக்கு மின் சிகரெட்டுக்கான திரவம் கொடுத்தவன் அவன்தான்.

"சார், இனிமே கடையில அந்தப் பேரைச் சொல்லாதீங்க. கூலிங் கிளாஸ்னு கேளுங்க."

மாதாமாதம் கூலிங் கிளாஸ் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராதா என்றேன்.

"அப்ப மூக்குக் கண்ணாடின்னு கேளுங்க. உங்களுக்கு அது பொருந்தும்."

அவன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'மேகக் கூட்டம்' என்று பெயர். நேற்று இரவோடு இரவாக அது 'சங்கீத வகுப்பு' ஆகிவிட்டது.

தலைமை ஆசிரியர் திடீரென்று வகுப்புக்குள் நுழைந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள். ஒருவன் எழுந்து நிற்பான். ஒருவன் கையிலிருப்பதை டெஸ்குக்குள் தள்ளுவான். ஒருவன் நியாயம் கேட்பான். ஒருவன் பக்கத்துப் பையனைக் காட்டிக்கொடுப்பான். குழுவிலும் அதேதான். உப்பளக் கம்பெனி மேலாளர் ஒருவர் நீதிமன்றம் போவோம் என்கிறார். ஒரு பையன் இருக்கிற திரவத்தையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, இப்போது மூன்று மடங்கு விலை சொல்கிறான். இரண்டு பேர் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். தேவசகாயம் என்ற ஒருவர் மட்டும், "நான் இதோடு நிறுத்துகிறேன், கடலை மிட்டாய் மென்றுகொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். அவருக்கு நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

கையிருப்பை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அது கடைக்காரர்களுக்கு என்று பெர்க்மான்ஸ் சொன்னார். சட்டத்தில் விதிவிலக்கைத் தேடுவது எனக்குப் பழக்கமில்லை. போனேன்.

ரைட்டர் சுடலைமுத்து கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேனாவா சாரு? டார்ச்சா?"

விளக்கினேன். கொஞ்சம் நீளமாகத்தான். வெப்பம், ஆவி, மின்கலம் என்று ஒரு பாடம் ஆகிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதை எழுதி வாங்கணும்னா நான் என்னன்னு எழுத? ஒரு உத்தரவும் வரலியே. நாளைக்கு இது காணாமப் போச்சுன்னா என் தலையில விடியும். வீட்டுக்குக் கொண்டு போங்க சாரு. யாரும் உங்களைப் பிடிக்க வரமாட்டாங்க."

திரும்பக் கொண்டுவந்தேன். ஒப்படைக்கப் போனேன், அவர்கள் வாங்கவில்லை என்று பியூலாவிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்ததைப் பார்த்து, "இது பழசுலா, உடைஞ்சது? நல்லது எங்க?" என்றாள்.

முதலில் பழையதைக் கொடுத்துப் பார்த்து, நடைமுறை எப்படி என்று தெரிந்த பிறகு நல்லதைக் கொடுக்கலாம் என்று இருந்தேன். பரிசோதனையை எப்போதும் சிறிய அளவில்தான் தொடங்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

திரவம் குறைந்து வருகிறது. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கிக் கலந்து நீட்டுகிறேன். வீரியம் குறைந்ததால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. மோரில் தண்ணீர் சேர்த்தால் ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் குடிப்போம் இல்லையா, அப்படி.

பெர்க்மான்ஸ் கொழும்புக் கப்பலில் வரும் ஒரு பழைய கூட்டாளியைச் சொல்லி வைத்திருந்தார். அவன் கொண்டுவந்ததைக் கடற்கரையில் இழுத்துப் பார்த்துவிட்டு பெர்க்மான்ஸ் நெடுநேரம் இருமினார். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று போடவில்லை. "கப்பல் டீசலை ஊத்தி வச்சிருக்கான் வாத்தியாரே" என்று கடலில் எறிந்தார். பிறகு பெட்டிக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார்.

"இதுக்குத் தடை இல்லலா" என்றார். "பாரும், என்ன மரியாதையாத் தாராங்க."

நான் காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றேன். தற்செயலாக அது புகை வரும் பக்கமாகவும் இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனை. மழை. பியூலா துணி காயவில்லை என்று புலம்பினாள்.

நவம்பர் 3, ஞாயிறு

இசக்கிராஜ் கடையில் சோதனை. மேசைக்கு அடியில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒன்று மட்டும் தப்பியது. அதை அவன் தன் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தான். வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி கொடுத்தான்.

"சார், இது கலக்குறதுக்கு முந்தின சரக்கு. ஒரிஜினல். குழுவுல வேற யாரு கையிலயும் இதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க கெமிஸ்ட்ரி சார். எவ்வளவு சேக்கணும்னு உங்களுக்குத் தெரியும்."

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

அது செறிவான நிகோட்டின். கைபட்டாலே கழுவ வேண்டும். வந்த பாட்டிலில் மண்டை ஓடு படம், பிள்ளைகள் திறக்க முடியாத மூடி, எல்லாம் சரியாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

ஜெனிட்டா வரப்போகிறாள். கொண்டுவிட மருமகன் ராபினும் அவன் அம்மாவும் வருவார்கள். ராபின் அரசு வேலையில் இருக்கிறான். மண்டை ஓடு போட்ட பாட்டிலை அவன் கண்ணில் படும்படி வைக்க முடியாது. வெயிலும் சூடும் பட்டால் சரக்கு கெட்டுவிடும், குளிர்ச்சியில்தான் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் மேல் தட்டில் முட்டைக்குப் பின்னால் யாரும் கை வைப்பதில்லை. காலியான வெனிலா எசன்ஸ் பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவி அதில் மாற்றினேன். பழைய பாட்டிலை உடைத்துப் புதைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் நான் அடித்துச் சொன்ன ஒரே விதி: முதலில் குப்பியில் பெயரை எழுது, பிறகு ஊற்று. ஆனால் அங்கே ஐம்பது பிள்ளைகள். இங்கே நான் ஒருவன்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

வளைகாப்பு நேற்று சென்னையில் முடிந்து, இன்று ஜெனிட்டா வீடு வந்து சேர்ந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் பியூலாவுக்கு மாற்றுப் பேச்சே கிடையாது. ராபினின் அம்மா தங்கள் ஊரான நாகர்கோவிலில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இங்கயும் இருக்கு மைனி. பிள்ளைக்கு அப்பாவும் இருக்காங்க, ஓடியாட" என்று பியூலா முடித்துவிட்டாள்.

ஜெனிட்டா கைநிறைய வளையலோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலக் கையை எடுத்து மோந்து பார்த்தாள். எல்லோர் முன்னாலும்.

"பாஸ்" என்றாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

மாடியில் மட்டும். துணி எடுக்கப் போகும்போது மட்டும். மழைக்காலத்தில் துணி அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 14, சனி

பியூலா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அபாயம் இல்லை என்கிறார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நாங்களே கலந்து, சட்டியோடு தெரு முனை பேக்கரியில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். வருஷாவருஷம் நடப்பது. காலையில் நான் கோயிலில் ஜோடனை வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் எசன்ஸ் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகக் கிளம்பிய பியூலா, முட்டை எடுக்கும்போது பின்னால் ஒரு பாட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

நான் வந்தபோது மாவு தயாராக இருந்தது. "சீனி போதுமான்னு பாத்தேன், தொண்டையில மிளகு பட்ட மாதிரி எரியுது. இந்த எசன்ஸ் கெட்டுப்போச்சு போல, வாசமே இல்ல" என்றாள். மேசையில் அந்தப் பாட்டில். ஜெனிட்டா கரண்டியை வழித்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் தட்டிவிட்டேன். கரண்டி சுவரில் போய் விழுந்தது. ஒருநாளும் அவள்மேல் கை ஓங்காதவன்.

"என்னப்பா?"

"முட்டை கெட்டது" என்றேன்.

அதற்குள் பியூலாவுக்கு வாந்தி வந்துவிட்டது. வியர்வை கொட்டியது, கை நடுங்கியது, நிற்க முடியவில்லை. ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கான ஊசி போட்டார்கள். இப்போது தூங்குகிறாள்.

மாவை நானே தோட்டத்தில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன்.

டிசம்பர் 16, திங்கள்

பியூலா எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

வெளி வராந்தாவில் ஜெனிட்டா என்னை நிறுத்தினாள். சிரிக்கவில்லை.

"பாட்டிலைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரியும். இல்லியாப்பா?"

"ம்."

"ஆட்டோல ஏன் சொல்லல?"

"டிரைவர் இருந்தார்ம்மா."

"டாக்டர் கேட்டாங்க. முதல்லயே கேட்டாங்க. முட்டைன்னு சொன்னீங்க. அவங்க ஃபுட் பாய்சன்னு நெனச்சு ட்ரிப் மட்டும் போட்டுட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கு நாடி இறங்கினப்போதான் வாயைத் திறந்தீங்க. அதுவரைக்கும் என்ன யோசிச்சுட்டு இருந்தீங்க?"

விஷம் என்று சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்தால் வீட்டில் வைத்திருந்தது தெரியும். ராபினின் வேலை, அவர்கள் குடும்பம் என்ன நினைக்கும், இதெல்லாம்தான். ஒரு மனிதன் யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. இப்போது எழுதிப் பார்க்கும்போது, அதில் பியூலா இல்லை என்பது தெரிகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

போலீசுக்குத் தகவல் போய்த்தான் இருந்தது. வந்தவர் சுடலைமுத்து.

"அன்னைக்குக் கொண்டாந்த பேனா சமாச்சாரமா சாரு?" என்றார். தலையசைத்தேன். கட்டிலில் இருந்த பியூலாவையும் நிறைமாதப் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளில் எழுதி வாசித்துக் காட்டினார்: செடிக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தை எசன்ஸ் என்று தவறுதலாக எடுத்துவிட்டார்.

"அன்னைக்கு நான் அதை வாங்கி வச்சிருந்திருக்கலாம்" என்றார். "எம் மேலயும் தப்பு இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

அன்று நான் கொண்டுபோனது உடைந்தது என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 18, புதன்

ராபின் காரோடு வந்தான். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். "அங்க அம்மா பாத்துக்குவாங்க மாமா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க." பிரசவம் நாகர்கோவிலில். பியூலாவும் கூடப் போகிறாள், பிள்ளைக்குத் துணையாக. இந்த வீட்டில் செய்ய வேண்டியதை அடுத்தவர் வீட்டில் போய்ச் செய்யும் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறும்போது சொன்னாள்: "வேளாவேளைக்கு மாத்திரையைப் போடுங்க. ஃபிரிட்ஜை நல்லாத் தொடைச்சு வைங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கார் போனதும் நல்ல கருவியை எடுத்து அம்மியில் வைத்து உடைத்தேன். மிச்சச் சரக்கை மண்ணில் ஊற்றினேன். குழுவிலிருந்து விலகினேன். சட்டப்படி இப்போது நான் சுத்தமானவன்.

டிசம்பர் 21, சனி

காலையில் பேப்பர் வாங்கப் பெட்டிக்கடை வரை போனேன். கடைக்காரர் பொன்ராஜ் இரண்டு வருஷத்துக்குப் பிறகும் என் முகத்தை மறக்கவில்லை. நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். பேப்பரைத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை. பெர்க்மான்ஸ் வீட்டில் சாப்பாடு. கேக் வைத்தார்கள். சாப்பிட முடியவில்லை.

தேவசகாயத்தைக் கோயில் வாசலில் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார். "கொஞ்ச நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துது சார். இப்ப பல்லுதான் வலிக்கு" என்றார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மென்றேன். பிறகு பேப்பர் வாங்கப் போனேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

போனில் பியூலா: "ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கலியே?"

"பேப்பர் வாங்கப் போயிருந்தேன்."

"பேப்பரா?" என்று கேட்டாள்.

"சரி. மாத்திரை போட்டாச்சா?" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ராபின் படம் அனுப்பினான். கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி பியூலாவுடையது.

சட்டைகளை நானே துவைத்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

நாகர்கோவில் போய் வந்தேன். புதுச் சட்டை. பஸ் ஏறுமுன் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவினேன். வாயில் ஏலக்காய். பஸ் வள்ளியூரில் டீ குடிக்க நின்றது. இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. ஏறியபோது ஏலக்காய் தீர்ந்திருந்தது.

ஜெனிட்டா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "வாங்கப்பா. அங்கேயே நின்னா எப்படி?" என்றாள். "அம்மா சொன்னா. அந்தக் குழாயை உடைச்சுப் போட்டீங்களாமே. அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன். பிடிங்க, உங்க பேத்தி."

துணியில் சுற்றிய குழந்தையை இரு கையாலும் என் பக்கம் நீட்டினாள். அது கொட்டாவி விட்டது. இவ்வளவு சின்ன வாய்க்குள் அவ்வளவு பெரிய கொட்டாவி.

என் கைகள் முன்னால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"சளிம்மா" என்றேன். "நேத்திலிருந்து. குழந்தைக்கு ஒட்டிக்கிடும்."

"அட, வாயில கர்ச்சீஃப் கட்டிக்கோங்க. ஒரு நிமிஷம்தானே."

"வேண்டாம்."

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்காமலே பார்த்தாள். அவளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. ஆனால் எதையும் பார்த்தே கண்டுபிடிக்கிற பழக்கம் என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்தது.

பியூலா நடுவில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அவியளுக்குச் சளிதான். நான் போன்லயே கேட்டேன், தொண்டை கட்டியிருந்துச்சு" என்றாள். எனக்காக அவள் சொன்ன பொய் அது. விஷம் குடித்த தொண்டையால் சொன்னாள். பிறகு குழந்தையை எனக்கு எட்டாத தூரத்தில், ஆனால் முகம் தெரியும்படி சாய்த்துக் காட்டினாள்.

"இங்கேருந்தே பாத்துக்கிடுங்க. சளி போனதும் வந்து தூக்குங்க. பிள்ளை எங்கயும் போகாது."

வழியனுப்ப வாசல் வரை வந்தாள். என் சட்டைப் பையில் எதையோ வைத்தாள். பஸ்ஸில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்.

ஜனவரி 20, திங்கள்

நம் வீட்டுக்குப் பேப்பர் தினமும் வாசலுக்கே வருகிறது. இன்றும் ஆறரைக்கு வந்தது.